பூனையின் பிடரியில் விடும் பூச்சி மருந்து: எடை பார்க்காமல் டியூபைத் திறக்காதீர்கள்

கேள்வி: வணக்கம் டொக்டர். நாங்கள் களுவாஞ்சிகுடியில் இருக்கிறோம். எங்கள் பூனை போட்ட மூன்று குட்டிகளுக்கு இப்போது 6 கிழமை. தாயின் வாலடியில் அரிசி போல வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு நெளிகிறது. ஒரு குட்டி நேற்று நூல் மாதிரி நீளமான புழுக்களை வாந்தி எடுத்தது. லீவில் வந்த அண்ணா சுவிஸில் இருந்து பூனைக்குப் பிடரியில் விடும் பூச்சி மருந்து 2 டியூப் கொண்டுவந்து தந்தார். பெட்டி முழுக்க ஜெர்மன் மொழி, படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒன்றைத் தாய்க்கு விட்டு, மற்றதை மூன்று குட்டிக்கும் சொட்டுச் சொட்டாகப் பிரித்து விடலாமா? நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்திலும் ஒரு டியூப் மிச்சம் இருக்கிறது, அதன் படமும் இருக்கிறது. அதைப் பாவிக்கலாமா? படுவான்கரையில் இருக்கும் மாமி, மாட்டு மருந்தில் ஒரு சொட்டு விட்டால் போதும் என்கிறார். எனக்கு இப்போது 4 மாதம். 5 வயது மகள் குட்டிகளை மடியை விட்டு இறக்கவே மாட்டாள். அம்மாவோ பூனைகளை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். நாய்க்கு வாங்கிய அந்த டியூபைப் பூனைகளுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் இமிடாகுளோபிரிட், பெர்மெத்ரின் என்று இரண்டு மருந்துகளின் பெயர் தெளிவாகத் தெரிகிறது. இந்தப் பெர்மெத்ரினை நாய் தாங்கும், பூனை தாங்காது. நாயின் ஈரல் அதை உடைத்து வெளியே தள்ளிவிடும். பூனையின் ஈரலில் அந்த வேலைக்கு வேண்டிய நொதியம் போதிய அளவில் இல்லை. மருந்து உடம்பிலேயே தங்கி நரம்பைத் தாக்கும். பனடோல் பூனைக்கு நஞ்சாவதற்கும் இதே குறைதான் முக்கிய காரணம். அரைக் குளிசையே ஒரு பூனையின் உயிரை எடுத்துவிடும். "சின்ன உடம்புதானே, கொஞ்சமாக விட்டால் சரி" என்ற கணக்கு இங்கே செல்லாது. நாய்களுக்கான இந்த வகை டியூப்களில் பெர்மெத்ரின் 45 வீதத்துக்கு மேல் இருப்பது வழக்கம். அதில் ஒரு சில சொட்டே குட்டிக்குக் கூடுதல்.

இதை வாசிக்கும் வேறு யாராவது தெரியாமல் ஏற்கெனவே விட்டிருந்தால் கவனியுங்கள். விட்ட சில மணி நேரத்தில் காது துடிக்கும், முகத்துத் தோல் வெட்டி வெட்டி இழுக்கும், பூனை கால்களை உதறும், அப்புறம் உடம்பு முழுவதும் நடுங்கத் தொடங்கும், வலிப்பு வரும். சில பூனைகளுக்கு இது அடுத்த நாளோ மூன்றாம் நாளோகூடத் தொடங்கலாம். நடுக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இளஞ்சூடான தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் கொண்டு மருந்து பட்ட இடத்தை நன்றாகக் கழுவி, துணியால் ஒற்றி எடுத்து, பூனையைக் குளிரவிடாமல் சுற்றிக்கொண்டு உடனே மிருக வைத்தியரிடம் போங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், அது தோலுக்கு இரத்தத்தைக் கூட்டி மருந்தை இன்னும் உள்ளே இழுக்கும். பால், எண்ணெய், உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், வாந்தி எடுக்க வைக்கவும் முயல வேண்டாம். காலியான டியூபைக் கட்டாயம் கையோடு கொண்டுபோங்கள். எந்த மருந்து என்று வைத்தியருக்குத் தெரிந்தால் பாதி நேரம் மிச்சம். நேரத்தோடு வந்த பூனைகளில் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்ளும்.

உங்கள் நாய்க்கு அந்த மருந்தை விடும்போதும் இதை மனதில் வையுங்கள். நாயும் பூனையும் ஒரே திண்ணையில் ஒட்டிப் படுக்கிற வீடு என்றால், மருந்து விட்ட நாயை மூன்று நாள் வரை பூனைகளை விட்டுத் தள்ளி வைப்பது நல்லது. நாயை நக்கிவிடும் பழக்கமுள்ள பூனை இருக்கும் வீட்டில் பெர்மெத்ரின் இல்லாத வேறு மருந்தை நாய்க்குக் கேட்டு வாங்குங்கள். கடைகளில் கிடைக்கும் தெள்ளுப் பவுடர்களிலும் இதே மருந்து இருக்கலாம். பூனைக்குப் பாவிக்கலாம் என்று தெளிவாக எழுதியிராத எதையும் பூனையின் உடம்பில் பூச வேண்டாம்.

சரி, இப்போது அண்ணா கொண்டுவந்த டியூபுக்கு வருவோம். ஜெர்மன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மருந்துகளின் பெயர் எந்த நாட்டுப் பெட்டியிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் இருக்கும். உங்களுடையதில் எமோடெப்சைட், பிரசிகுவான்டெல் என்று இருக்கிறது, அளவு 0.7 மில்லிலீற்றர். இது பூனைக்கென்றே செய்த நல்ல மருந்து. எமோடெப்சைட் வட்டப்புழுவையும் கொழுக்கிப்புழுவையும் முடக்கும். பிரசிகுவான்டெல் நாடாப்புழுவை அழிக்கும். பிடரித் தோலில் விட்டது தோல் வழியாக இரத்தத்தில் கலந்து, அங்கிருந்து குடலில் இருக்கும் புழுவைப் போய்ச் சேருகிறது. குளிசையை விழுங்க வைக்க முடியாத பூனைகளுக்கு இது பெரிய உதவி.

தாயின் வாலடியில் நெளிகிற அரிசி, நாடாப்புழுவின் உடலில் இருந்து கழன்று வரும் துண்டு. காய்ந்த பிறகு எள்ளு அளவுக்குச் சுருங்கி, பூனை படுக்கும் துணியில் மஞ்சளாகக் கிடக்கும். குட்டி வாந்தி எடுத்தது வட்டப்புழு. ஒரே வீட்டில் இரண்டு வகைப் புழு இருப்பது சாதாரணம். எல்லாப் பிடரி மருந்தும் எல்லாப் புழுவுக்கும் ஆகாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். செலாமெக்டின் உள்ள டியூபும், இமிடாகுளோபிரிட் மொக்ஸிடெக்டின் இரண்டும் சேர்ந்த டியூபும் தெள்ளு, காதுப்பூச்சி, வட்டப்புழு, கொழுக்கிப்புழு ஆகியவற்றுக்குக் கேட்கும், நாடாப்புழுவைத் தொடாது. அவற்றை விட்டுவிட்டு "இன்னும் அரிசி வருகிறதே, மருந்து போலி" என்று கோபப்படுபவர்கள் நிறைய. உங்கள் டியூபில் பிரசிகுவான்டெல் இருப்பதால் உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

குட்டிகளுக்கு இந்த டியூப் இப்போது வேண்டாம். இது 8 கிழமைக்குக் குறைந்த குட்டிகளுக்கும் அரைக் கிலோவுக்குக் குறைந்த குட்டிகளுக்கும் உரியதல்ல. 6 கிழமைக் குட்டி நன்றாக வளர்ந்திருந்தால் 600 கிராம் அளவில் இருக்கும். புழு பிடித்த குட்டி அதைவிடக் குறைவாகவே நிற்கும். பிரித்து விடுவதும் சரிவராது. 0.7 மில்லிலீற்றர் என்பது இரண்டரைக் கிலோவுக்கு மேல் 5 கிலோ வரையுள்ள ஒரு பூனைக்கான அளவு. டியூபை அழுத்தும்போது வெளியே வரும் சொட்டு ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் விழாது. முதல் குட்டிக்கு ஆறு சொட்டு, கடைசிக் குட்டிக்கு ஒன்றும் இல்லை என்று முடியலாம். ஒரு டியூப் ஒரு பூனைக்கு, ஒரே தடவையில். மிச்சம் வைப்பதும் இல்லை, பங்கு போடுவதும் இல்லை.

குட்டிகளுக்கு வாயால் கொடுக்கும் பாணி மருந்து இருக்கிறது. பைரன்டெல், பென்பென்டசோல் இரண்டும் மிகச் சின்னக் குட்டிகளுக்கும் கொடுக்கக்கூடியவை. உண்மையில் குட்டிக்கு 3 கிழமையிலேயே இதைத் தொடங்கி, 2 கிழமைக்கு ஒரு தடவை பால் மறந்த பின்னரும் கொஞ்ச நாள் வரை கொடுக்க வேண்டும். இவ்வளவு சீக்கிரம் ஏன் என்றால், பூனையின் வட்டப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் போகிறது. தாயின் சதைக்குள் தூங்கிக் கிடக்கும் புழுக்குஞ்சுகள் அது பால் கொடுக்கும் காலத்தில் விழித்துப் பாலில் இறங்கிவிடும். வெளியே ஒரு தடவை கூடப் போகாத குட்டிக்கும் புழு இருப்பது இதனால்தான். எவ்வளவு கொடுப்பது என்பதைக் குட்டியை நிறுத்துப் பார்த்து வைத்தியர் சொல்லட்டும், கடையில் போத்தலை வாங்கி மூடியால் அளந்து ஊற்ற வேண்டாம். வாந்தி எடுத்த குட்டியை நாளைக்கே கொண்டுபோங்கள். வயிறு ஊதி விலா எலும்பு தெரிந்தால், பல் முரசு வெளுத்திருந்தால், சாப்பிட மறுத்தால் நாளை வரைகூடப் பார்க்க வேண்டாம். குடல் நிறையப் புழு இருக்கும் குட்டிக்கு மருந்து கொடுத்து எல்லாம் ஒரே நேரத்தில் செத்தால் குடல் அடைத்துக்கொள்ளவும் கூடும். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்துச் செய்ய வேண்டும்.

தாய்க்கு இந்த டியூபை விடலாம், பால் கொடுக்கும் பூனைக்கும் இது ஆகும். ஆனால் "ஒரு மூன்று கிலோ இருக்கும்" என்று கண்ணால் மதிப்பிட்டு விடாதீர்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பூனைகள் சின்ன உடம்புக்காரிகள், அதிலும் மூன்று குட்டிக்குப் பால் கொடுத்து மெலிந்த தாய் இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருக்க நல்ல வாய்ப்புண்டு. வீட்டில் ஆள் ஏறி நிற்கும் தராசு இருந்தால், வீட்டுக்காரர் முதலில் தனியாக ஏறி நிற்கட்டும், பிறகு பூனையைத் தூக்கிக்கொண்டு நிற்கட்டும். இரண்டையும் கழித்தால் பூனையின் எடை. அந்தத் தராசுகள் இருநூறு முந்நூறு கிராம் பிசகும், ஆகவே மூன்று தடவை பாருங்கள். கணக்கு இரண்டரைக்குப் பக்கத்தில் வந்து நின்றால், பூனையைத் துணிப்பையில் தலை வெளியே தெரிய வைத்து, மளிகைக் கடைத் தராசில் ஒரு தடவை நிறுத்துவிடுங்கள். கடைக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை. இரண்டரைக்கு மேல் என்றால் இந்த டியூப் அதற்குச் சரி. கீழே என்றால் அதற்குரியது 0.35 மில்லிலீற்றர் டியூப். பெரிய டியூபில் பாதியை விட்டுச் சமாளிக்காமல், வைத்தியரிடம் குளிசை கேட்டு வாங்குங்கள்.

இனி விடுகிற முறை. ஆனால் இதை நீங்கள் செய்யக் கூடாது. எமோடெப்சைட் விலங்குகளில் நடத்திய ஆய்வுகளில் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று தெரியவந்ததால், கர்ப்பிணிகள் இந்த மருந்தில் கை படாமல் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கிறார். வீட்டுக்காரரோ அம்மாவோ கையுறை போட்டுக்கொண்டு செய்யட்டும். அன்று முழுவதும் நீங்கள் அந்தப் பூனையைத் தூக்க வேண்டாம்.

காலையில் செய்வது நல்லது, பகல் முழுவதும் பூனையைக் கவனிக்கலாம். முந்தின நாளோ அன்றோ குளிப்பாட்ட வேண்டாம், மயிர் காய்ந்திருக்க வேண்டும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி பக்கத்தில் வேண்டாம். பிடரி மருந்துகளில் சில மதுசாரம் கலந்தவை, தீப்பிடிக்கும். முதலில் பிடரி மயிரைப் பிரித்துத் தோலைப் பாருங்கள். கடுவன் பூனை இணையும்போது கவ்விப் பிடிப்பது அந்த இடத்தைத்தான், அதனால் பெண் பூனைகளுக்கு அங்கே பல் பட்ட காயமோ பொருக்கோ சீழ்க்கட்டியோ இருப்பதுண்டு. காயம் இருந்தால் அது ஆறும்வரை மருந்தைத் தள்ளிப் போடுங்கள்.

தோல் நன்றாக இருந்தால் ஒருவர் பூனையைத் துவாயால் சுற்றி மடியில் வைத்துப் பிடிக்கட்டும். மற்றவர் டியூபின் மூடியைக் கழற்றி, மூடியின் மறுபக்கத்து முனையால் டியூபின் வாயைக் குத்தித் திறக்கட்டும். கழுத்துப் பட்டி கட்டும் இடத்தைவிட மேலே, மண்டையோடு கழுத்து சேரும் பள்ளத்தில், இரண்டு விரலால் மயிரை விலக்கி வெள்ளைத் தோல் தெரியும்வரை பிரியுங்கள். டியூபின் முனை தோலைத் தொட வேண்டும். அப்படியே வைத்து முழுவதையும் பிதுக்குங்கள். மயிருக்கு மேலே விட்டால் பாதி மருந்து மயிரிலேயே காய்ந்துபோகும், மிச்சத்தைப் பூனை நக்கிவிடும். தோள்பட்டைக்குக் கீழே இறங்கிவிட்டால் அதற்கு நாக்கு எட்டும். மண்டைக்கு அடியில் மட்டும் எந்தப் பூனைக்கும் எட்டாது. விட்ட பிறகு தேய்க்க வேண்டாம். அந்த இடத்து மயிர் எண்ணெய் வைத்த மாதிரிக் கொஞ்ச நேரம் ஒட்டிக் கிடக்கும். டியூப் சொட்டிய இடத்தை உடனே துடைத்துவிடுங்கள், மெருகு போட்ட மேசையும் தோல் பையும் கறைபடும். கையுறையைக் கழற்றிவிட்டு சவர்க்காரத்தால் கை கழுவட்டும்.

தாய்க்கு எட்டாவிட்டாலும் குட்டிகளுக்கு அந்த இடம் எட்டும். அதனால் மருந்து காயும்வரை, பகலில் சில மணி நேரம், தாயை ஓர் அறையிலும் குட்டிகளை வேறோர் அறையிலும் வையுங்கள். 6 கிழமைக் குட்டி மீனும் சோறும் குழைத்து வைத்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும், தாய் கத்தினாலும் அந்த நேரம் மனம் இரங்க வேண்டாம். மகளுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: ஒரு நாள், அதாவது 24 மணி நேரம், தாய்ப் பூனையை மடியில் வைப்பதும் பக்கத்தில் படுக்க வைப்பதும் இல்லை.

யாராவது நக்கிவிட்டால் என்ன நடக்கும்? மருந்து கடும் கசப்பு. வாயில் நுரை தள்ளும், எச்சில் நூலாக வடியும், சில வேளை வாந்தி எடுக்கும். பார்க்கப் பயமாக இருக்கும். அது பெரும்பாலும் கசப்புக்கு வருகிற எச்சில், நஞ்சேறியதாக உடனே நினைத்துவிட வேண்டாம். ஈரத் துணியால் வாயைத் துடைத்து, குடிக்கத் தண்ணீர் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பூனை தள்ளாடினாலோ, உடம்பு நடுங்கினாலோ, நுரை நிற்காமல் போய்க்கொண்டிருந்தாலோ வைத்தியரிடம் போங்கள். விட்ட இடத்தில் சில நாள் மயிர் உதிர்வதும் தோல் சற்றுச் சிவப்பதும் தானாகவே சரியாகும்.

அடுத்த நாள் மலத்தில் புழுவைத் தேடிப் பார்த்துவிட்டு ஏமாற வேண்டாம். பிரசிகுவான்டெல் நாடாப்புழுவின் மேல்தோலைச் சிதைத்துவிடுவதால் அது குடலுக்குள்ளேயே செரித்துப்போகும், முழுப் புழுவாக வெளியே வராது. வட்டப்புழு வரலாம், வராமலும் போகலாம்.

ஆனால் ஒன்று. இரண்டு மூன்று கிழமையில் வாலடியில் மறுபடி அரிசி தெரிந்தால் மருந்தைக் குறை சொல்லாதீர்கள், தெள்ளைத் தேடுங்கள். இந்த நாடாப்புழு பூனையில் இருந்து பூனைக்கு நேரே போவதில்லை. அதன் முட்டையைத் தெள்ளுக் குஞ்சு தின்னும், வளர்ந்த தெள்ளு பூனையைக் கடிக்கும், அரிப்பில் உடம்பை நக்கும் பூனை தெள்ளை விழுங்கும், திரும்பவும் புழு. தெள்ளு ஒட்டிய கையை வாயில் வைக்கும் சின்னப் பிள்ளைக்கும் இதே வழியில் வரலாம், ஆகவே மகளின் கைகளை அடிக்கடி கழுவி விடுங்கள். அண்ணா தந்த டியூபில் தெள்ளுக்கு மருந்து இல்லை. தாய்க்கும் குட்டிகளுக்கும் வயதுக்கேற்ற தெள்ளு மருந்தை வைத்தியரிடம் கேளுங்கள். இரண்டு பிடரி மருந்தை ஒரே நாளில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக விடாமல், எத்தனை நாள் இடைவெளி என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தெள்ளின் முட்டை பூனையின் உடம்பில் தங்காது, பூனை படுக்கும் சாக்கிலும், கட்டிலுக்கு அடியிலும், நிழல் விழும் மணலிலும் உதிர்ந்து கிடக்கும். சாக்கை எரித்துவிட்டுத் துணி போடுங்கள், அந்தத் துணியைக் கிழமைக்கு ஒரு தடவை சுடுதண்ணீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள். வீட்டு மூலைகளையும் கட்டிலடியையும் தினமும் கூட்டி, குப்பையை வளவுக்குள் கொட்டாமல் அப்புறப்படுத்துங்கள். எங்கள் கடற்கரை மணலில் தெள்ளுக் கூடு கிழமைக் கணக்கில் காத்திருக்கும், ஆகவே ஒரு மாதமாவது விடாமல் செய்ய வேண்டும்.

மாமி அன்பாகத்தான் சொல்லியிருப்பார், ஆனால் அந்த மாட்டு மருந்து வேண்டாம். படுவான்கரையில் மாடு வைத்திருப்பவர்கள் வீட்டில் இருக்கும் போத்தல் பெரும்பாலும் ஐவர்மெக்டினாக இருக்கும். ஊசியாகப் போடும் வகையில் 1 மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் மருந்து. ஒரு சொட்டு என்பது 0.05 மில்லிலீற்றர் அளவு, அதில் அரை மில்லிகிராம். வைத்தியர் பூனைக்கு ஐவர்மெக்டின் கொடுக்கும்போது ஒரு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் அளவில் கணக்குப் பார்ப்பார், 600 கிராம் குட்டிக்கு அது 0.12 மில்லிகிராம்தான் வரும். மாமி சொல்லும் ஒரு சொட்டு அதைப் போல நான்கு மடங்கு. கூடிப்போனால் கண்மணி விரிந்து பார்வை மங்கும், பூனை தள்ளாடும், மயக்கத்தில் விழும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. தானாகத் தெளியும்வரை நாட்கணக்கில் தாங்கிப் பிடிக்க வேண்டியதுதான். ஆடு மாடுகளுக்குக் கொடுக்கும் லெவாமிசோலும் பூனைக்கு ஆபத்து. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அல்பென்டசோல் பூச்சிக் குளிசையும் வேண்டாம், அது பூனையின் எலும்பு மச்சையைப் பாதித்து இரத்தம் ஊறாமல் செய்துவிடலாம். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைப் பூனைக்குப் பூசுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அதுவும் நஞ்சுதான்.

பூனைகளைக் கொண்டுபோய் விடச் சொல்லும் அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. பூனையால் கர்ப்பிணிக்கு வரும் என்று சொல்லப்படுவது டொக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி. அது புழு இல்லை. எந்தப் பூச்சி மருந்தும் அதை ஒன்றும் செய்யாது. அதனால் பூச்சி மருந்து விட்டாயிற்று என்று கவனத்தை விட்டுவிடவும் கூடாது, பூனை இருக்கிறதே என்று நடுங்கவும் தேவையில்லை. பூனையின் மலத்தில் வெளியே வரும் அந்தக் கிருமி, தொற்றக்கூடிய நிலைக்கு வர 1 முதல் 5 நாள் வரை எடுக்கும். மலத்தைத் தினமும் அள்ளிப் புதைத்துவிட்டால் அதற்கு அந்த அவகாசம் கிடைக்காது. அள்ளுவது வேறு யாராவதாக இருக்கட்டும். தோட்ட மண்ணைக் கிண்டும்போது கையுறை போடுங்கள். இறைச்சியை நன்றாக வேக வைத்துச் சாப்பிடுங்கள், கீரையையும் சலாதுக்குப் போடும் மரக்கறியையும் நன்கு கழுவுங்கள். பலருக்கு இந்தக் கிருமி வருவது பூனையைத் தொடுவதால் அல்ல, வேகாத இறைச்சியாலும் மண்ணாலும்தான். பூனை இருக்கும் வீடு என்பதைக் கிளினிக்கில் டொக்டரிடமும் மருத்துவ மாதுவிடமும் சொல்லி வையுங்கள், பரிசோதனை வேண்டுமா என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். குட்டிகளைத் தெருவில் விட்டால் அவை அதே புழுவோடு அடுத்த வீட்டுப் பிள்ளை விளையாடும் மணலுக்குத்தான் போகும்.

மகளைப் பொறுத்தவரை, குட்டியின் மயிரைவிட நான் கவலைப்படுவது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மணலைப் பற்றித்தான். வட்டப்புழுவின் முட்டை வெளியே வந்து சில கிழமை கிடந்த பிறகே தொற்றும், ஆனால் அதற்குப் பிறகு வருடக்கணக்கில் மண்ணில் இருக்கும். பிள்ளை மண் தின்றாலோ, மண் பட்ட கையை வாயில் வைத்தாலோ உள்ளே போகும். அரிதாகக் கண்ணையும் பாதிக்கும். கொழுக்கிப்புழுவின் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்தே ஏறிவிடும். காலில் கோடு கோடாகச் சிவந்து ஊர்ந்து அரிக்கும் புண்ணைக் கரையோரக் கிராமங்களில் எல்லாரும் கண்டிருப்போம். பூனை, நாய், மனிதர் மூவரின் குடலிலும் வளரக்கூடிய ஒரு கொழுக்கிப்புழுவுக்கு அன்சைலோஸ்டோமா சிலானிகம் என்று பெயர். 1911இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது நம் நாட்டுப் புனுகுப்பூனை ஒன்றில் இருந்துதான், அதனால் சிலோன் என்ற பெயரே அதற்கு வந்து ஒட்டிக்கொண்டது. இந்த மண்ணுக்கு அது அந்நியமில்லை. பூனைகள் ஒரே இடத்தில் மலம் கழிக்கப் பழகும், ஆகவே ஒரு பழைய பேசினில் மணலைப் போட்டு வீட்டின் ஒரு மூலையில் வைத்து, அங்கே போகப் பழக்குங்கள். பிள்ளை விளையாடும் மணலை இரவில் தகரத்தாலோ தார்ப்பாயாலோ மூடி வையுங்கள், வெளியே போகும்போது செருப்புப் போடச் சொல்லுங்கள்.

ஆக, நாளைக்கு உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கோ, தனியார் மிருக வைத்தியரிடமோ போகும்போது குட்டிகள் மூன்றையும் காற்றோட்டமான பெட்டியில் கொண்டுபோங்கள். ஒன்றுதானே வாந்தி எடுத்தது என்று மற்ற இரண்டையும் வீட்டில் விட வேண்டாம், ஒரே தாயின் பால் குடித்தவை. அன்று காலை விழுந்த மலத்தில் ஒரு கரண்டி அளவை மூடியுள்ள சின்னப் போத்தலில் போட்டு எடுத்துப்போனால், வசதி உள்ள இடத்தில் நுணுக்குக்காட்டியில் பார்த்து எந்தப் புழு என்று சொல்லிவிடுவார்கள். சுவிஸ் டியூபின் பெட்டியையும் காட்டுங்கள். தாய்க்கு விசர்நோய்த் தடுப்பூசி போடவில்லை என்றால் அதையும் கேளுங்கள். கருத்தடைச் சத்திர சிகிச்சைக்கு எப்போது கொண்டுவரலாம் என்றும் கேட்டு வையுங்கள், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூனை மறுபடி சினைப்படும்.

இரண்டாவது டியூபை எறிய வேண்டாம். காலாவதித் திகதி தாண்டவில்லை என்றால், பெட்டியோடே, வெயில் படாத உயரமான இடத்தில் மகளுக்கு எட்டாமல் வையுங்கள். தாய் வெளியே போய் எலி பிடிக்கிற பூனை என்றால் 3 மாதம் கழித்து அதற்கு மறுபடி தேவைப்படும். அன்றைக்கும் முதலில் எடை பாருங்கள், குட்டிகள் பால் மறந்த பிறகு தாயின் எடை கூடியிருக்கும்.